வயலுக்குப் போன வீடு

மடைக்கரைப்பட்டி சடையாண்டிக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருந்தது. தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். தம்பிகள் கொம்பையாவும் ஒச்சப்பனும் அண்ணன் பேச்சைத் தட்டாதவர்கள். அதனால் அவர்களுக்கு அந்தச் சாமானே தேவைப்படவில்லை.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டிருந்த நேரம். சுகாதார ஆய்வாளர் ஜீப்பில் வந்து மைக்கில் முழங்கினார். யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, விவசாய வேலைக்குத் தடையில்லை, வெளியே போய்த் திரும்பினால் ரெண்டு வாரம் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சடையாண்டி தம்பிகளை உட்கார வைத்துப் புலம்பினார். வயலில் சேறடித்துத் தண்ணீர் கட்டியாயிற்று. பறித்த நாற்று முடி முடியாகக் கட்டியபடி வீட்டு மூலையில் வாடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நடாவிட்டால் வருஷம் பூராவும் சோற்றுக்குச் சிங்கியடிக்க வேண்டியதுதான்.

கொம்பையா கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "வெளிய வரக் கூடாதுங்கிறாரு. வயல்ல வேலை செய்யலாங்கிறாரு. அப்ப வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே நடணும்ணே."

என்ன அறிவு பாருங்கள். உடனே தட்டி இடுக்கு வழியாக ஒரு முடி நாற்றை வயல் இருக்கும் திசை பார்த்து வீசினார்கள். வயலுக்கு ரெண்டு தெரு தாண்ட வேண்டும். நாற்று வாசலைத் தாண்டவில்லை. ஆடு வந்து தின்றுவிட்டு, அடுத்தது எப்போது என்று நிமிர்ந்து பார்த்தது.

"வயலு இங்க வராதுண்ணே," என்றார் ஒச்சப்பன். "வீடு அங்க போகலாமில்ல?"

வீடு வெளியே வருவது குற்றமா என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. ஆட்களைத்தானே சொன்னார், வீட்டை ஒன்றும் சொல்லவில்லையே என்று முடிவாயிற்று. நாலு கால், மேலே ஓலை, சுற்றிலும் தட்டி, அதுதான் வீடு. மீதி நாற்றைத் தட்டியில் செருகிக்கொண்டு, ஆளுக்கு ஒரு காலைப் பிடுங்கித் தூக்கினார்கள். நாலாவது காலுக்கு ஆளில்லை. சடையாண்டியின் மனைவி வெள்ளத்தாயியைக் கூப்பிட்டால், உலை கொதிக்கிறது, அடுப்பை விட்டு நகர முடியாது என்றுவிட்டாள். ஆகவே நாலாவது கால் தெருவெல்லாம் கோடு கிழித்துக்கொண்டே போனது.

தட்டிக்குள் இருந்தவர்களுக்கு வழியா தெரியும்? வீடு ரேஷன் கடைக்கு முன்னால் போட்டிருந்த ஒரு வட்டத்தில் நின்று இளைப்பாறியது. அடுத்து வந்தவர் மரியாதையாக ஆறடி தள்ளி அதற்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

ஒருவழியாகக் காலடியில் சேறு தட்டுப்பட்டது. சடையாண்டிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நடவு என்றால் பின்பக்கமாகத்தானே நகர வேண்டும்? ஒரு வரிசை நட்டார்கள், வீட்டைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள், அடுத்த வரிசை நட்டார்கள். அப்படியே வயல் பூராவும் பச்சையாகிவிட்டது.

இதற்குள் ஜீப் திரும்பி வந்தது. மொட்டை வெயிலில் திறந்த வெளியில் உட்கார்ந்து வெள்ளத்தாயி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வரக் கூடாது என்று சொன்னேனே என்று ஆய்வாளர் அதட்டினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் அடுப்பை விட்டு ஒரு அடி நகரலைங்கய்யா. வீடுதான் என்னைய விட்டுட்டு வெளிய போயிருச்சு."

ஆய்வாளர் வயலுக்கு ஓடினார். ஒரு வீடு பின்பக்கமாக நடந்து வரப்பில் ஏறுவதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, வீட்டை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள் என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு திரும்பும்போது, ஊர் எல்லையில் சடையாண்டி சட்டென்று நின்றார். பத்திரமாக வைத்திருந்த மூளையை அப்போதுதான் வெளியே எடுத்தார்.

"டேய், நாம உள்ளதான் இருந்தோம். வெளிய போய்த் திரும்புறது யாரு?"

தம்பிகள் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்கள். அங்கேயே புளியமரத்தடியில் வீட்டை ரெண்டு வாரத்துக்குத் தனியாக இறக்கி, வாசலுக்குக் குறுக்கே ஒரு துண்டை இறுக்கிக் கட்டினார்கள். அன்று சாயங்காலம் நல்ல மழை. நாற்றுக்கு ஏற்ற மழை என்று மூவரும் தொப்பலாக நனைந்தபடி, வீட்டுக்கு ஆறடி தள்ளி சந்தோஷமாக நின்றார்கள். வெள்ளத்தாயி வீட்டுக்கென்று ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொண்டுவந்து வாசலுக்குத் தள்ளி வைத்தாள்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து ஒச்சப்பன் பெருமூச்சு விட்டார்.

"பாவம்ணே, மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு."