முற்றத்தில் விழுந்த உழவாரன்

தீவு மடத்தில் ஒரு வழக்கம். தங்குகிறவர் பையைச் சுவர் முளையில் மாட்ட வேண்டும். போகிறவர் வாசற்படியில் வைக்க வேண்டும். சபாநாதரின் பை ஆறு மாதமாகக் காலையில் முளையிலும் மாலையில் படியிலுமாக அலைந்தது. மடத்தில் எல்லோருக்கும் அது பகிடி.

அன்று மகள் வந்துவிட்டாள். அப்பாவைத் தன்னோடு கனடாவுக்குக் கூட்டிப்போக விடியற்காலைப் படகில் வந்தவள், இறங்குதுறையிலேயே இருந்துகொண்டாள். "வாறதெண்டா வரட்டும், இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லட்டும்" என்று ஆளிடம் சொல்லியனுப்பினாள். படகு திரும்ப அதிக நேரம் இல்லை.

சபாநாதர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். விடிய அடித்த மழையில் நனைந்த மணலில் ஒரு கறுத்த குருவி கிடந்தது. அரிவாள் போல நீண்ட சிறகு, பிளந்த வால். பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து அதை மூடினார். உள்ளே அரிசி தூவினார், சிரட்டையில் தண்ணீர் வைத்தார்.

யோகாம்பிகை அம்மா வந்து கடகத்தைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குச் சபாநாதரைவிட இருபது வயது குறைவு. என்றாலும் குரு அவர்தான்.

"கால் முறிஞ்சுபோச்சு, அம்மா. எழும்ப ஏலாமக் கிடக்கு."

"முறியேல்லை. உழவாரனுக்குத் தரையில நிக்கிற கால் இல்லை. அரிசியும் தின்னாது."

"எங்கயிருந்து வந்தது?"

"வடக்க, பனி விழுற நாட்டில குஞ்சு பொரிச்சது."

"அப்ப அதுதான் ஊர்."

"குஞ்சு பறந்ததும் விட்டிட்டு வந்திடும்."

"அப்ப எங்கட தீவுதான் ஊரோ?"

"இங்க வந்தாலும் இறங்காது. நித்திரையும் ஆகாயத்திலதான் எண்டு சொல்லுவினம். இண்டைக்கு மழை விழுத்திப்போட்டுது."

சபாநாதர் பையைத் தோளில் இழுத்துவிட்டார். "ஊர் எண்டு ஒண்டு இல்லாமலோ?"

"தரையிலயிருந்து இதால எழும்ப ஏலாது. தண்ணித் தாங்கிக்கு மேல ஏறுங்கோ. உள்ளங்கையில வச்சு உயர்த்திப் பிடியுங்கோ."

குருவியை ஏந்திக்கொண்டு ஏறினார். கைக்குள் அதன் நெஞ்சு படபடத்தது. துறையில் படகு ஊதியது.

"அம்மா, வடக்க பாக்கப் பிடிக்கிறதோ, தெற்க பாக்கவோ?"

"எங்கயும் பிடியுங்கோ. விரலை மட்டும் மூடாதையுங்கோ."

குருவி கல்லாக விழுந்தது. சபாநாதர் "ஐயோ!" என்றார். மண் தொட ஒரு சாண் இருக்கும்போது சிறகு காற்றைப் பிடித்தது. வேலிக்கு மேலால் எழுந்து, வடக்கும் போகாமல் தெற்கும் போகாமல் மடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"என்னம்மா இது? போற வழி தெரியேல்லையோ?"

"பசி. பூச்சி பிடிக்குது."

சபாநாதர் மெல்ல இறங்கினார். பை தோளிலேயே கிடந்தது.

"மகளுக்கு நான் என்ன சொல்ல?"

"பிள்ளை விடியத் தொடக்கம் துறையில இருக்குது. சாப்பிட்டதோ எண்டு கேளுங்கோ."