குடிப்பழக்கம் உண்டு

டாக்டர் ஞானதிரவியம் ஊசி, மருந்து என்று இருபத்தைந்து வருசம் ஓட்டிவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சி கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த டாக்டர் பாத்திமுத்துவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இவர் "மேடம்" என்பார். அந்தம்மா "அண்ணாச்சி" என்பார்.

சிலருக்கு ஈரல் நன்றாகவே இருக்கும். ஈரலுக்கு வருகிற ரத்தக்குழாய்தான் அடைத்துச் சுருண்டுவிடும். தேங்கின ரத்தம் உணவுக்குழாயில் புடைத்துக்கொண்டு நின்று, ஒருநாள் வாந்தியாய்க் கொட்டும். குடியே அறியாதவர்களுக்கு இது ஏன் வருகிறது? கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருவரும் மூன்று வருசமாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை ஞானதிரவியம் ஒரு நோயாளியின் தாளில் 'குடிப்பழக்கம்: உண்டு' என்று எழுதி ஒதுக்கி வைத்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"சந்தனமாரி. உப்பளத்துல வேலை. ரெண்டு தடவை ரத்த வாந்தி. குழாய் நாம தேடுற மாதிரியே இருக்கு. ஆனா குடிக்காங்க மேடம். ஆராய்ச்சியில சேர்க்க முடியாது."

"சேர்க்கலைன்னா?"

"குடியை விடுங்கன்னு சீட்டு எழுதி அனுப்பணும். சேர்ந்தவங்களுக்குத்தான மாசாமாசம் குழாய் பார்க்கோம்? இவங்க பார்க்காமக் கிடந்து இன்னொரு வாந்தி வந்தா, தாங்க மாட்டாங்க."

"குடிக்கிறதா அவங்களே சொன்னாங்களா?"

"தினம் குடிப்பீங்களான்னு கேட்டேன். காலையில ரெண்டு சொம்புன்னு கூசாம சொல்லுதாங்க. நிறுத்துங்கன்னேன். அப்போ அளத்து வெயிலுக்கு என்னத்தக் குடிக்கன்னு எங்கிட்டயே எகத்தாளம்!"

பாத்திமுத்து மேசையிலிருந்த டம்ளரை நீட்டினார்.

"அவங்க குடிக்கிறதுல எனக்கு ஒரு டம்ளர் வாங்கிட்டு வாங்க."

"மேடம்!"

"நிறைய."

வெளியே பெஞ்சில் சந்தனமாரி தூக்குவாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"டாக்டரம்மாவுக்கா?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "உப்பு தூக்கலா இருக்குமே சார், பரவாயில்லையா?"

வெள்ளையாய் விழுந்தது. கூடவே ரெண்டு சின்ன வெங்காயம். ஞானதிரவியம் மோந்து பார்த்தார். பழைய சோற்றுத் தண்ணீர்.

கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அவருக்குக் காது சுட்டது. பாத்திமுத்து சொட்டு விடாமல் குடித்தார். வெங்காயத்தையும் கடித்துத் தின்றார்.

"'உண்டு'ங்கிறத அடிச்சிட்டு 'இல்லை'ன்னு எழுதிருதேன் மேடம். இப்பவே சேர்த்துருதேன்."

"சேருங்க. இதுவரைக்கும் 'உண்டு'ன்னு எழுதி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க?"

ஞானதிரவியம் அலமாரியைத் திறந்தார். ஒதுக்கின தாள்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினார்.

"பதினாறு பேர் மேடம். ஆளுக்கு ஒரு ஊர்."

பாத்திமுத்து காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"கழுவி எடுத்துக்கோங்க அண்ணாச்சி. பதினாறு ஊருக்கும் பஸ் இருக்கு."