ஞாயிறு சும்மாதானே இருக்கு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் தவமணி என்றொருத்தி வேலை பார்த்தாள். அவள் வீட்டில் ஏழு கிழமைகளும் குடியிருந்தன. திங்கள் முதல் சனி வரை ஆறும் காலையில் அவளோடு அச்சகத்துக்குக் கிளம்பிவிடும். தாள் அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து, இடுப்பொடிந்து திரும்பும்.

ஞாயிறு மட்டும் அவளோடு சாத்தூருக்குப் போகும். அங்கே அக்கா வீட்டில் தவமணியின் மகள் பூமயில் வளர்ந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை, நாலு வயசு. அதற்குத் தலைவாரி, மடியில் போட்டுச் சோறூட்டி, ஒரு பாடு கதை சொல்லிவிட்டு வருவதுதான் ஞாயிறின் வேலை.

தவமணிக்கு டிகிரி படிக்கிற ஆசை வந்தது. படித்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும், பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். முழுநேரப் படிப்பு என்றால் மூன்று வருஷம், அச்சக வேலையை விட வேண்டும். பகுதிநேரம் என்றால் நாலு வருஷம், வாரத்தில் ஒரே நாள் வகுப்பு.

"வேலையை விட்டுட்டு இங்க வந்திரு. நம்ம வீட்ல இருந்தே காலேஜுக்குப் போய்ட்டு வா. கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம்" என்றாள் அக்கா.

"மூணு வருஷம் ஒருத்தர் வீட்ல உக்காந்து திங்க என்னால ஆகாதுக்கா" என்றாள் தவமணி. பாழாய்ப்போன ரோஷம்.

வீட்டில் கிழமைகள் கூடிப் பேசின.

"நான் காலேஜுக்குப் போயிட்டா அச்சகத்துல யாரு நிப்பா?" என்றது திங்கள்.

"நல்ல காரியத்துக்கு என்னை யாருமே கூப்பிட மாட்டாங்க. ஆளை விடுங்க" என்றது செவ்வாய்.

"ஏன் மண்டையை உடைக்கிறீங்க? ஞாயிறு சும்மாதானே இருக்கு, அது போகட்டும்" என்றது சனி.

ஞாயிறுக்குத் திக்கென்றது. "நானா சும்மா இருக்கேன்? அந்தப் பிள்ளை வாசல்லயே நிக்குமே."

"நாலு வருஷந்தானே. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்றது சனி.

தவமணியும் அப்படித்தான் நினைத்தாள். விண்ணப்பத்தில் 'ஓய்வு நாள்' என்ற இடத்தில் ஞாயிறு என்று எழுதினாள். சம்பளம் வாங்காத நாளெல்லாம் வேலையில்லாத நாள் என்று எவன் சொல்லி வைத்தானோ, அவன் நல்லா இருக்க மாட்டான்.

ஞாயிறு வகுப்பில் போய் உட்கார்ந்தது. முதல் மாதம் பூமயில் போனில் அழுதாள். பிறகு, "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டாள். பிறகு அதையும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு விவரம் வந்துருச்சு" என்று தவமணி சந்தோஷப்பட்டாள். பொங்கல், தீபாவளி என்று சாத்தூரை எட்டிப் பார்த்ததோடு சரி.

நாலு வருஷமும் ஓடியது. தவமணி பாஸானாள். ஆபீஸ் வேலை கிடைத்தது. பிள்ளையோடு இருக்க இரண்டு அறை வீடும் பார்த்தாயிற்று. அந்த வாரமே ஞாயிறைக் கூட்டிக்கொண்டு சாத்தூருக்கு ஓடினாள்.

பூமயில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். ஃபேனைப் போட்டாள், டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சண்டை போடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அக்கா வளர்த்த வளர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தவமணி டம்ளரைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த ஞாயிறுதான் பேசியது.

"இனிமே எனக்கு வகுப்பு கிடையாது கண்ணு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நான் உனக்குத்தான்."

பூமயில் மரியாதையாகச் சிரித்தாள். பிறகு தவமணியைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"