சபூரா முறித்த மூன்று நோன்புகள்

கப்பலுக்குப் பாய் போதும், பாய்க்குக் காற்று போதும் என்று மனிதர்கள் கடல் தாண்டிய காலம் அது, பிள்ளைகளே. அப்போது முத்துவாசல் என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே மூன்று கப்பலுக்குச் சொந்தக்காரரான ஒரு மரைக்காயரும், அவர் மனைவி பல்கீஸ் நாச்சியாரும் வாழ்ந்தார்கள்.

நாச்சியார் திங்களும் வியாழனும் தவறாமல் நோன்பு வைப்பார். ஊருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மீன்காரி வந்தால், இன்று வியாழனாயிற்றே, மீன் வாடை ஆகாதே என்பார். தண்ணீர்க்காரி வந்தால், குடத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். யாருமே வராவிட்டால், நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தெருவுக்குத் தெரியும்படி படுத்துக்கொள்வார். ரகசியத்தை இதைவிட யாரால் பத்திரமாகக் காக்க முடியும்?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அள்ளி உண்பார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பெயர். நாச்சியார் வீட்டு விருந்தில் சகன் சகனாக நெய்ச்சோறு வரும். அவர் மட்டும் எதிலும் கை வைக்க மாட்டார். செக்காட்டும் வீட்டுப் பெண்ணின் கையும் தன் கையும் ஒரே தட்டில் படுவதா? அதை வாய்விட்டுச் சொன்னால் அழகாக இருக்காது. நோன்பு என்று சொன்னால் அழகாக இருக்கும். அதனால் அந்த வீட்டு விருந்தெல்லாம் திங்களிலோ வியாழனிலோதான் அமைந்தது. என்ன பொருத்தம் பாருங்கள்.

ஊர்ப் பெண்கள் தொழவும் சிறுமிகள் ஓதவும் ஒரு தைக்கா இருந்தது. அதன் சாவியை வைத்திருப்பவரே ரமலானில் பெண்களுக்கு முன்னின்று தொழ வைப்பார். அந்தச் சாவியை வைத்திருந்த அம்மையார் மறைந்தார். ரமலான் பிறக்குமுன் அதை யாரிடம் கொடுப்பது என்று ஊருக்கு நீதி சொல்லும் காழியார் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஊர் வாயெல்லாம் ஒரே பெயர், சபூரா. வலை பின்னிப் பிழைக்கும் விதவை. குர்ஆன் முழுதும் நெஞ்சில் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் முதலில் ஓடுவது அவர் வாசலுக்குத்தான். சபூரா உள்ளே நுழைந்தால் பெண்கள் நகர்ந்து பக்கத்தில் இடம் விடுவார்கள். நாச்சியார் நுழைந்தால் எழுந்து நின்று விலகிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது நாச்சியாருக்கும் தெரியும். அது அவரைப் பல நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. சாவி கைக்கு வந்தால் குத்தல் தீர்ந்துவிடும் என்று நம்பினார். நம்பி, சாவியைக் கோக்க ஒரு வெள்ளிச் சங்கிலியும் செய்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். சாவி ஒன்றுதான் பாக்கி.

சபூராவும் அதே இரண்டு நாள் நோன்பாளிதான். அது ஊருக்குத் தெரியாது. எதிர் மாடியில் ஜன்னல் வைத்திருந்த நாச்சியாருக்கு மட்டும் தெரியும். அந்த நாட்களில் சபூரா வீட்டு அடுப்பு பகலில் புகைவதில்லை.

நாச்சியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே ஜன்னலில் காவல் இருந்தார். விரல் மணியில், கண் எதிர் வீட்டில்.

முதல் வியாழன் உச்சி நேரம். செக்கு வீட்டுப் புது மருமகள் செய்னம்பு ஒரு கிண்ணத்தோடு வந்தாள். சபூரா வாங்கிக் குடித்தார். நாச்சியார் எண்ணினார், பதினோரு மடக்கு.

இரண்டாம் வியாழன். அடுத்த வீட்டு ஐசா உம்மாவின் முற்றத்தில், சபூரா அவரோடு ஒரே தட்டில் கஞ்சியும் துவையலும் தின்றார். அன்று எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. நாச்சியாருக்கு அத்தனை நிறைவு.

மூன்றாம் வியாழன்தான் சாவியைக் கொடுக்கக் காழியார் குறித்த நாள். கண்ணால் கண்டது போதாது, சாட்சியும் வேண்டுமே. நாச்சியார் உச்சி நேரத்தில் சபூராவை வீட்டுக்கு அழைத்தார். கதவுக்குப் பின்னால் இரண்டு வேலைக்காரிகளை நிறுத்தினார். நடுக்கூடத்தில் நான்கு பேருக்கான சகன் ஆவி பறக்க இருந்தது.

“உட்காரம்மா, சாப்பிடு” என்றார்.

“நீங்களும் வாங்க லாத்தா” என்று அக்கா முறை வைத்து அழைத்தார் சபூரா.

“நான் நோன்பு. நீ சாப்பிடு.”

சபூரா தயங்கினார். நாச்சியார் மறுபடி சொன்னார். மூன்றாம் முறை குரலில் கொஞ்சம் கெஞ்சலையும் சேர்த்துக்கொண்டார், நடிப்பதென்றால் ஒழுங்காக நடிக்க வேண்டாமா? சபூரா அந்தப் பெரிய தட்டைப் பார்த்தார். நாச்சியாரின் முகத்தைப் பார்த்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்.

மாலையில் அஸர் தொழுகை முடிந்தது. தைக்காவில் பெண்கள் கூடினார்கள். திரைக்கு அப்பால் காழியார் உட்கார்ந்தார். நாச்சியார் எழுந்து, சொல்லவே கூடாது என்றிருந்தேன் என்று தொடங்கினார். அந்த வரியைக் கண்ணாடி முன் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பிறகு சொல்லக் கூடாததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மூன்று நோன்பு, மூன்று சாப்பாடு, இரண்டு சாட்சி.

காழியார் கேட்டார். சாப்பிட்டது உண்மை என்றார் சபூரா. ஏன் என்று காழியார் கேட்டார். சபூரா வாய் திறக்கவில்லை. ஒரு புதுப்பெண்ணின் கண்ணீரைச் சபை நடுவில் எடுத்து வைத்தா சாவி வாங்குவது?

நாச்சியாரின் கை மெல்ல வெள்ளிச் சங்கிலியைத் தொட்டது.

அப்போது பின்வரிசையில் செய்னம்பு எழுந்தாள். புகுந்த வீட்டில் அவள் காய்ச்சிய முதல் கஞ்சி கருகிப்போனதாம். ஏச்சு வாங்கிக்கொண்டு, நாலு வீட்டுக்குக் கொண்டுபோனாளாம், நாலு வீட்டிலும் மூக்கைப் பொத்தினார்களாம். “சபூரா லாத்தாதான் குடிச்சாங்க. இன்னும் இருக்கான்னு வேற கேட்டாங்க” என்றாள்.

ஐசா உம்மாவும் எழுந்தார். மகன் போன கப்பல் திரும்பாத துக்கத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தாராம். நீ தின்றால் நான் தின்கிறேன் என்று முரண்டு பிடித்தாராம். சபூரா தின்றாராம், அதன்பிறகே தானும் தின்றாராம்.

“மூன்றாவது?” என்றார் காழியார். யாரும் எழவில்லை. நீயே சொல்லம்மா என்று அவர் சபூராவை வற்புறுத்தினார்.

“நாச்சியார் மூணு தடவை கூப்பிட்டாங்க. நாலு பேர் சகன், சுத்தி ஒருத்தரும் இல்ல. அவ்வளவு பெரிய வீட்டுல கூட உட்கார ஆளில்லாம தவிக்கிறாங்கன்னு நினைச்சுட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நாச்சியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடமையான நோன்பு வேறு, விரும்பி வைக்கும் நோன்பு வேறு என்றார் காழியார். விரும்பி வைத்ததை ஒரு மனம் நோகாமலிருக்க விட்டுவிட்டு, வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒன்று கேட்டார். “நாச்சியாரோடு ஒரே சகனில் கை வைத்தவர் இங்கே யாராவது உண்டா?”

நூறு விருந்து தின்ற பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சாட்சிக்கு வந்த வேலைக்காரிகளும் பார்த்தார்கள். தரை நன்றாகத்தான் பெருக்கியிருந்தது.

சாவி சபூராவிடம் போனது. அவர் அதை ஒரு வலைக்கயிற்றில் கோத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. பெண்கள் பேரீச்சம்பழத்தைப் பகிர்ந்தார்கள், சகன்கள் வந்தன. நாச்சியார் தூண் ஓரம் தனியாக நின்றார். சபூராவின் சகனில் செய்னம்பு ஒருபக்கம், ஐசா உம்மா ஒருபக்கம், நாலாவது பக்கம் காலி.

“லாத்தா, பாங்கு சொல்லியாச்சு. இனி நோன்பு இல்லையே” என்றார் சபூரா. குத்தலாக அல்ல, இடத்தைத் தட்டிக் காட்டி.

உண்மைதான். சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை. நாச்சியார் வந்து உட்கார்ந்தார். செக்கெண்ணெய் மணக்கும் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். அன்று எத்தனை கவளம் உண்டார் என்று யாரும் எண்ணவில்லை.

அடுத்த திங்களும் நாச்சியார் நோன்பு வைத்தார். மீன்காரிக்குக்கூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமைதான் சொன்னார். திருந்துவதற்கும் கொஞ்சம் காலம் பிடிக்கும் அல்லவா?

உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே, நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான், பிள்ளைகளே: ஊர் அறியப் பிடித்துவைத்த நூறு நோன்பைவிட, ஒரு மனம் உடையாமல் காக்க முறித்த ஒரு நோன்பு மேலானது.