திரும்பி வந்த குப்பை ரயில்

காலையில அனுப்பி வச்ச குப்பை, சாயங்காலம் அதே ரயில்ல புளியந்துறை ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து நின்னுச்சு. ஒரு மூட்டைகூடக் குறையல. பெட்டி மேல குப்பை ஏத்தி இறக்குற சங்கிலி, பிச்சைக்கனி, தொம்மை மூணு பேரும் சாதிச்ச முகத்தோட உக்காந்திருந்தாங்க.

நகராட்சி சூப்பர்வைசர் ஏகாம்பரம் பெட்டிகிட்ட ஓடி வந்தார்.

"டேய், குப்பைக் கிடங்குல கொட்டச் சொன்னேன்ல?"

"கொட்டினோமே சார்," ன்னான் சங்கிலி. "வரும்போது வண்டி காலியா வரக்கூடாது, அங்க இருக்கிறதை ஏத்திட்டு வாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் சொன்னது அங்க குப்பையில தயாராகுற உரத்தை. உரமும் அங்க மலை மாதிரி குவிஞ்சுதான் கிடந்துச்சு. "அது யாரோ வச்சிருக்காங்க, தொடாத"ன்னுட்டானாம் பிச்சைக்கனி. சரி, வேற என்ன இருக்குன்னு பார்த்திருக்காங்க. இவங்க கொட்டினது இருந்துச்சு.

ஏகாம்பரம் தலையில கை வச்சுக்கிட்டார். மறுநாள் காலையில பெரிய இன்ஜினியர் வர்றார்.

"இப்பவே திரும்பிப் போங்கடா! இங்க ஏத்துன எடை அங்க அப்படியே இறங்கணும். அங்க எடை போட்டதுல எதுவாவது இந்தப் பக்கம் திரும்பி வந்துச்சு, மூணு பேருக்கும் வேலை கிடையாது!"

ரயில் கிளம்புச்சு. ஆத்துப் பாலத்துல ஒரு மூட்டை உருண்டு தண்ணியில விழுந்துச்சு.

"போச்சு, எடை குறையும். வேலையும் போச்சு," ன்னு அழுதான் சங்கிலி.

"என்ன கனம் இருக்கும்டா அது?" ன்னான் பிச்சைக்கனி.

"நான்தான் அதைப் பெட்டியில ஏத்தினேன். கிட்டத்தட்ட என் கனம்," ன்னான் தொம்மை.

ரெண்டு பேரும் தொம்மையையே பார்த்தாங்க. தொம்மை ஒரு காலிச் சாக்குக்குள்ள இறங்கினான்.

கிடங்குல எடை சரியா இருந்துச்சு. எல்லாத்தையும் கொட்டினாங்க, தொம்மையும் சேர்த்து. அவன் தூசியைத் தட்டிக்கிட்டு வந்து பெட்டியில காலை வச்சான்.

"நில்லுடா," ன்னான் சங்கிலி. "எடை போட்டது எதுவும் திரும்பி வரக்கூடாதுன்னாரே?"

தொம்மை நிதானமா யோசிச்சான். "நியாயம்தான்டா," ன்னு காலைக் கீழ எடுத்தான்.

"உன் வேலைக்காகவும்தான்டா சொல்றேன்," ன்னான் பிச்சைக்கனி, கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

மறுநாள் இன்ஜினியர் வந்து பார்த்தார். பெட்டியெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. "பிரமாதம்"னு கை குடுத்துட்டுப் போனார். மூணு பேர் வேலையும் தப்பிச்சிருச்சு.

அப்பதான் ஏகாம்பரத்துக்குப் போன் வந்துச்சு.

"சார், தொம்மை பேசுறேன், கிடங்குலருந்து. இங்க மக்குற குப்பை ஒரு பக்கம், மக்காத குப்பை ஒரு பக்கம்னு பிரிக்கிறாங்க. நான் எந்தப் பக்கம் சார் நிக்கணும்?"

ஏகாம்பரம் இன்னும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருக்கார். உங்க ஊர்லயும் கணக்கு சரியாகணும்னு இப்படி ஒருத்தரை எடை போட்டு இறக்கிட்டு வந்திருப்பீங்கல்ல, அவரை எந்தப் பக்கம் நிக்க வச்சீங்க?