ஃபீபி உடுத்திய வெள்ளைப் பாவாடை

ஒரு பாவாடையைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக முடிவெடுத்த கதை இது. மூவர் மனதிலும் அன்புதான் இருந்தது. அதனாலேயே தீர்ப்புச் சொல்வது கடினம்.

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்து லண்டன். இன்று டூட்டூ என்று சொல்கிறோமே, அந்தப் பாலேப் பாவாடை அப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கி, மெல்லிய மஸ்லின் அடுக்குகளாக விரிந்திருக்கும். ஆடுகிறவள் தாவினால் பாவாடை சற்றுத் தாமதித்து அவளைப் பின்தொடரும். அந்தக் கணத்தில் அவளுக்கு எடையே இல்லை என்று தோன்றும். ஆனால் மேடை விளிம்பில் வாயு விளக்குகள் திறந்த சுடரோடு வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். மஸ்லின் ஒரு தடவை உரசினால் போதும். படிகாரம் கரைத்த நீரில் துணியை முக்கி எடுத்தால் தீ எளிதில் பற்றாது. ஆனால் துணி விறைத்து, பழுப்பேறிவிடும். பல நடனக்காரிகள் அதை உடுத்த மறுத்தார்கள்.

தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய அரங்கில் ஹேரியட் நாயகியாக ஆடிவந்தாள். ஒரு நாள் அவள் சுழன்று திரும்பியபோது பாவாடை விளக்கைத் தொட்டுவிட்டது. அணைக்க ஓடிவந்த தோழியின் பாவாடையிலும் தீ தாவியது. தோழி பிழைக்கவில்லை. ஹேரியட்டை ஈரக் கம்பளியில் சுருட்டிக் காப்பாற்றியவர் அரங்கின் விளக்குக்காரர் சைலஸ். அதன்பின் ஹேரியட் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வெந்த முகத்தை யாருக்கும் காட்ட அவள் விரும்பவில்லை.

அவளுடைய தங்கை ஃபீபி அதே அரங்கில் கடைசி வரிசையில் ஆடினாள். ஹேரியட்டுக்குப் பிறகு வந்த நாயகி ஆடும்போதெல்லாம் திரைமறைவில் நின்று, அவளுடைய அசைவுகளைக் கை விரல்களாலேயே ஆடிப் பார்ப்பாள். வீடு திரும்பியதும் ஹேரியட் கேட்பாள்: “இன்றைக்கு அந்தத் தாவல் எப்படி இருந்தது?” ஃபீபி சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஆட முடியாத ஒருத்தியும் ஆடக் கிடைக்காத ஒருத்தியும் ஒரே தாவலை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருக்கையில் நாயகிக்குக் கணுக்கால் பிசகியது. ஒரே ஒரு மாலை ஃபீபி ஆடட்டும் என்றார் மேலாளர்.

செய்தி கேட்ட ஹேரியட் முகத்திரை அணிந்துகொண்டு, அரங்கின் ஆடைகளைத் தைக்கும் டோர்கஸைத் தேடிப் போனாள். “ஃபீபியின் பாவாடையை முக்கித்தான் கொடுப்பேன் என்று சத்தியம் செய். நாயகிதான் விளக்குகளுக்குப் பக்கத்தில் வருகிறவள்” என்றாள். டோர்கஸ் சத்தியம் செய்தாள்.

சற்று நேரத்தில் ஃபீபி வந்தாள். “அக்கா பார்க்க வருகிறாள், டோர்கஸ். இத்தனை காலத்துக்குப் பிறகு வருகிறாள். பலகை மாதிரி விறைத்த துணியோடு நான் தாவினால் அவள் எதைப் பார்ப்பாள்? முக்காத பாவாடை கொடு.” அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் டோர்கஸ் அதற்கும் சரி என்றுவிட்டாள்.

இரண்டு வாக்கையும் எப்படிக் காப்பாற்றுவது? டோர்கஸ் இரண்டு பாவாடைகள் தைத்தாள். ஒன்றை முக்கினாள், மற்றதை அப்படியே விட்டாள். இரண்டையும் மாட்டிவைத்து, “உன் உடம்பு, உன் முடிவு” என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போனாள்.

ஃபீபி பழுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெள்ளையை எடுத்து உடுத்தினாள். அந்த நடனத்தில் நாயகி விளக்குகள் வரை வந்து ஆடிவிட்டு, மற்றப் பெண்கள் நிற்கும் வளையத்துக்குள் ஓடிப் புகுவாள். அவர்களுடைய பாவாடைகளும் முக்காத மஸ்லின்தான்.

திரை உயர்ந்தது. வெள்ளைப் பாவாடை மிதந்து வருவதைச் சைலஸ் பார்த்தார். அவள் முன்னால் வருவதற்குள் வாயுக் குழாயின் திருகைத் திருப்பினார். சுடர்கள் அடங்கிச் சின்ன நீலப் பொட்டுகளாயின. மேடை மங்கியது. ஃபீபி தன் வாழ்நாளிலேயே சிறந்த தாவலை அந்த அரையிருட்டில் தாவினாள். கூட்டம் முணுமுணுத்தது. யாரோ ஏளனமாகச் சீட்டியடித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் சைலஸை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஃபீபி மறுநாள் கடைசி வரிசைக்குத் திரும்பினாள். நாயகியாக ஆட அவளை யாரும் மறுபடி அழைக்கவேயில்லை.

சைலஸ் கிளம்பும்போது அவள் வழிமறித்தாள். “என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தால் விளக்கைக் குறைக்காதே என்றிருப்பாய்.”

“ஆமாம். அதனால்தான் சொல்லியிருக்க வேண்டும்.”

இரண்டு வாக்குக் கொடுத்து, முடிவை ஃபீபியிடமே விட்டவள் டோர்கஸ். உயிரைவிட அந்தத் தாவல் பெரிதென்று வெள்ளையை எடுத்தவள் ஃபீபி. கேட்காமல் விளக்கைத் தாழ்த்தியவர் சைலஸ். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது. தன் உயிரை மட்டும் பணயம் வைத்திருந்தால் ஃபீபி செய்தது சரி. ஆனால் அவள் ஓடிப் புகும் வளையத்தில் நின்ற பெண்களை யாரும் கேட்கவில்லை. தோழியைக் கொன்றது ஹேரியட்டின் பாவாடையில் பற்றிய தீதான். மற்றப் பெண்களின் உயிரையும் தொடும் ஒன்றை ஃபீபியின் முடிவென்று விட்டுப்போனது டோர்கஸின் பிழை. அந்தப் பெண்களையும் காத்தவர் சைலஸ் ஒருவர்தான். அவர் செய்ததே சரி. திரை உயரும் முன் பாவாடையைப் பார்த்து, ‘வெள்ளை உடுத்தினால் வெளிச்சம் இல்லை’ என்று சொல்லியிருந்தால் முழுச் சரி. அன்று ஃபீபி வீடு திரும்பி, “அக்கா, உனக்கு ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டாளாம். ஹேரியட் சொன்னாள்: “இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. உன் பாதம் பலகையில் இறங்கும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அது கேட்கவேயில்லை.” நடனக்காரிகளுக்குள், ஓசையே இல்லாமல் இறங்கினாய் என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஃபீபிக்கு அது போதவில்லை. போதும் என்று அவள் கடைசி வரை யாரிடமும் சொல்லவுமில்லை.