ஆலடிப்பேரி மாப்பிள்ளையின் மூச்சு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சந்தேகத்தைப் பற்றிய கதை இது. உரக்கச் சொன்னால் தெருவில் போகிறவர் தன்னைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

செங்கரையில் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாக ஒரு சின்ன மடம். அதில் ஒரு சாமி. வயது நாற்பதைத் தாண்டாது. அவருக்கு ஒரே ஒரு சீடர், சொரிமுத்து. சீடருக்கு அறுபது ஆகிவிட்டது. அதனால் குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'சாமி' என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

சொரிமுத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். கபடியை மட்டும் விட முடியவில்லை.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் அந்தப் பக்கம் ஆட்டம் தொடங்கிவிடும். செங்கரை அணிக்குச் செம்பருந்து என்று பெயர். இந்த வருஷம் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அன்றைக்கே சொரிமுத்து, கோப்பை வைப்பதற்கு மடத்துச் சுவரில் பலகை அடித்துவிட்டார். அடுத்த இரண்டு ஆட்டமும் போயிற்று. பலகையில் இப்போது சாமியின் துண்டு காய்கிறது.

தோற்றால் யாரையாவது சொல்ல வேண்டுமே. மாசானம் கிடைத்தான்.

மாசானம் ஆலடிப்பேரிக்காரன். போன ஆவணியில்தான் செங்கரையில் பெண் எடுத்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஆடுகிற மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஊருக்குத்தான் ஆட வேண்டும். சீர்த்தட்டில் வேட்டி சட்டையோடு செம்பருந்து பனியனையும் மடித்து வைத்துத்தான் கொடுத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அவன் பிறந்த ஊரான ஆலடிப்பேரியோடு.

அவனை இறக்குவதா, உட்கார வைப்பதா என்று அணிக்குள் ஒரே சண்டை. கடைசியில், "சொரிமுத்தண்ணாச்சி என்ன சொல்றாரோ அதுதான்" என்று முடித்தார்கள். சாயங்காலம் செயலாளர் வண்டிமலையான் மடத்துக்கு வந்து கேட்டுப்போவதாகப் பேச்சு. உட்கார வைத்தால் அது ஆட்டத்தோடு போகிற விஷயம் இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்று பேர் விழுந்துவிடும். அவன் பெண்டாட்டி தன் சொந்த ஊர்க் குழாயடிக்கே குடத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது.

மடத்தில் சாயங்காலம் ஏழைகளுக்கு ஊற்றுகிற கஞ்சிக்குச் சாமி துவையல் அரைத்துக்கொண்டிருந்தார். சொரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா?"

"மாசானம் விலை போயிட்டான்."

"இது சந்தேகம் மாதிரி இல்லையே அண்ணாச்சி. தீர்ப்பு மாதிரில்லா இருக்கு."

"சாட்சி இருக்கு சாமி." சொரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "நம்ம பயலுவ எதிரணிக்குள்ள கபடி பாடிப் போகும்போது, நானும் கரையில உக்காந்து மூச்சைப் பிடிச்சு வாய்க்குள்ளயே பாடுவேன். அது என் பழக்கம். இத்தனை வருஷத்துல எல்லாப் பயலும் என் மூச்சைத் தாண்டித்தான் பாடியிருக்கானுவ. இவன் மட்டும், எனக்கு மூச்சு பாக்கி இருக்கும்போதே கோட்டுக்குத் திரும்பிருதான். கிழவனுக்கு இருக்க மூச்சு, காளைக்கு இல்லையா?"

"முதல் ஆட்டத்துல?"

"அப்ப நல்லாத்தான் பாடினான்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ரெண்டாவது ஆட்டத்துல ஒருதரம் பிடிபட்டான். ஆட்டம் பார்க்க வந்த அவன் சித்தப்பா மகன், ஆலடிப்பேரிப் பய, கரையில நின்னு கைதட்டினான். அதுலேருந்து ஊரே அவனைத்தான் பார்க்குது."

சாமி அம்மிக்குழவியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். சொரிமுத்துவும் பார்த்தார். உத்தரத்தில் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது யார் கொடுத்தது சாமி?"

"ஆலடிப்பேரிக்காரங்க. நேத்து கொண்டாந்தாங்க."

"சாமி சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு."

சொரிமுத்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு, ஒரு குச்சியை எடுத்து முற்றத்தில் குறுக்காகக் கோடு கிழித்தார்.

"அண்ணாச்சி, இங்கேருந்து பாடிப் போயி, அந்த வேம்பைத் தொட்டுட்டு வாங்க பாப்போம்."

"இப்பவா?"

"மூச்சு இருக்குன்னீங்களே."

சொரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கபடி கபடி கபடி" என்று போனார். மரத்தைத் தொட்டார். அதே மூச்சில் கோட்டைத் தாண்டி வந்து நின்றார்.

"பாக்கி இருக்கா?"

"இன்னொரு மரம் இருந்தாலும் தொடுவேன்."

அந்த நேரத்துக்குக் கஞ்சி வாங்குகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். செங்கல் சூளையில் வேலை விட்டு வருகிற பெண்கள், நாலைந்து வயசாளிகள். தூக்குவாளிகளோடு சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"இன்னொரு தரம் போங்க அண்ணாச்சி" என்றார் சாமி.

ஆள் இருக்கிற உற்சாகம். சொரிமுத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அவர் பாட ஆரம்பித்த பிறகுதான் சாமி வாயைத் திறந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இவரைப் பாருங்கம்மா. மடத்து எண்ணெய் குறைஞ்சுக்கிட்டே வருது. எண்ணெய் அறைச் சாவி இவர் இடுப்புலதான் இருக்கு. இவர் நடையைப் பார்த்துட்டு உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க."

பதில் சொல்லலாம் என்றால் பாட்டு அறுந்துவிடும். சொரிமுத்து பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இடுப்பில் சாவி குலுங்கியது. பிடித்தால் மறைக்கிறான் என்பார்கள். விட்டால் இன்னும் சத்தமாகக் குலுங்குகிறது. ஓரத்தில் இருந்த ஒரு பெண், தூக்குவாளியை மெல்லத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கபடி... கப..."

வேம்புக்கு இன்னும் தூரம் இருந்தது. சொரிமுத்து பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்கலை!" என்று கத்தினார். "சாமி, சத்தியமா நான் ஒரு சொட்டு எடுக்கலை!"

"அப்படியா?" என்றார் சாமி. "மூச்சு பாதியிலயே நின்னுட்டுதே அண்ணாச்சி."

சொரிமுத்து முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

சாமி ஜனங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "எலிதாம்மா குடிக்குது. நேத்தே பார்த்துட்டேன். அண்ணாச்சி தங்கமான மனுஷன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் தூக்குவாளியைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. சொரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே வந்து கோட்டின் மேல் உட்கார்ந்தார்.

வாசலில் மொபெட் வந்து நின்றது. வண்டிமலையான்.

"என்ன அண்ணாச்சி, யோசிச்சீங்களா? அந்த ஆலடிப்பேரிப் பயலை உக்கார வச்சிருவமா?"

"இறக்கு."

"என்னது?"

"முதல் பாட்டு அவனே போகட்டும்."

"நேத்து நீங்கதான அவன் விலை போயிட்டான்னீங்க!"

"நேத்து சொன்னேன்."

"தோத்துட்டா?"

"தோத்தா நாமதாம்வே தோப்போம். அவன் நம்ம வீட்டு மாப்பிள்ளைல்லா. போய் அவன்கிட்டயே சொல்லு, நான் சொன்னேன்னு. அவன் பெண்டாட்டி காதுல விழற மாதிரி சொல்லு."

வண்டிமலையான் அவரை மேலும் கீழும் பார்த்தான். இந்த மனுஷனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக என்ன ஆயிற்று என்கிற பார்வை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். "சரி, இறக்குதோம்" என்றான்.

சொரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து சாமியிடம் போய் மெதுவாகக் கேட்டார்.

"சாமி, ஞாயிற்றுக்கிழமை ஜெயிச்சிருவோமா?"

சாமி எக்கி, தாரிலிருந்து நல்ல பழமாக ஒன்றைப் பறித்தார். உரித்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு தரம் ஓடிய களைப்பு. சொரிமுத்து யோசிக்காமல் பாதியைக் கடித்துவிட்டார்.

வண்டிமலையான் வண்டியை உதைக்கப் போனவன், காலை எடுத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தான்.

"தார் பெருசா இருக்கே! எந்த ஊர்த் தார் சாமி?"

சொரிமுத்துவின் வாய் நிறையப் பழம்.

சாமி மறுபடியும் அம்மி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி சொல்லுவாரு" என்றார்.